ஆடியிலும் அழகாக இருக்கும் தோட்டம்: யோசனை சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டம் கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் 4 சென்ட் இடம் இருக்கிறது. எந்த மாதத்தில் வந்து நின்றாலும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்படி அங்கே ஒரு தோட்டம் போட ஆசைப்படுகிறேன்.

மண் செம்மண், ஓரடி தோண்டினால் செம்புறாங்கல் தட்டுகிறது. நல்ல மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். மார்கழிக்கு டிசம்பர் பூ, பங்குனி முதல் மல்லிகை, சித்திரையில் சரக்கொன்றை. அரளியும் நந்தியாவட்டையும் எப்போதும் கைகொடுக்கும். சிக்கல் ஆனி, ஆடியில். சென்ற ஆடிக் காற்றில் என் செம்பருத்தியின் இலைகள் ஓரம் கருகி, மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கியபோது மனம் மிகவும் வலித்தது.

அந்த இரண்டு மாதங்களுக்கு எதை வைக்கலாம்? பூவுக்குப் பதில் குரோட்டன்ஸ் போல இலை நிறத்தை நம்பலாமா? காற்றைத் தடுக்க மேற்குச் சுவரோரம் மரம் வைத்தால் மல்லிகைக்கு வெயில் குறைந்துவிடுமா? முற்றத்து மழைநீரைத் தோட்டத்துக்குத் திருப்பியவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஆச்சிமார் வளர்த்த பழைய செடிகளின் பெயர்களும் வேண்டும். புரட்டாசிக்குள் குழி வெட்டி, முதல் மழையில் நட்டுவிட நினைக்கிறேன்.