மனைவி இருந்தும் அரசி இல்லையா?

ஏற்காடு ஆசிரியை:
மாணவர்களை டென்மார்க் நாட்டவர் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டைக்கு அழைத்துச் சென்று வந்ததிலிருந்து எனக்கு ஓர் ஐயம். 1620இல் அக்கோட்டை எழுந்தபோது டென்மார்க்கை ஆண்ட நான்காம் கிறிஸ்டியானுக்கு மனைவி இருந்தும் அரசி இல்லை என்கிறார்களே, அது எப்படி?

அஸ்தம்பட்டி வாசகர்:
அரசி ஆன்னா கத்தரீனா 1612இல் இறந்தபின், 1615இல் அரசர் மணந்த கிர்ஸ்டன் மூங்க் உயர்குடிப் பெண்ணே தவிர அரச குலத்தவர் அல்லர். ஆகவே அவருக்கு அரசிப் பட்டமும் கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்கு அரியணை உரிமையும் வரவில்லை. அவர்களுடைய மகள் லியோனோரா கிறிஸ்டினாவின் கதை இன்னும் கொடியது: கணவர்மீது சுமத்தப்பட்ட அரசத்துரோகப் பழியால் 1663 முதல் 1685 வரை கோபன்ஹேகனின் நீலக் கோபுரத்தில் அடைபட்டிருந்த அவர், அங்கே எழுதத் தொடங்கிய நினைவுக்குறிப்புகளால் டேனிய உரைநடையில் நிலையான இடம் பெற்றார்.

காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு:
அம்மா, என்னை ஈர்ப்பவர் அரசரின் தாயார் சோபியாதான். 1588இல் கணவர் இறந்தபோது மகன் சிறுவன். ஆயினும் ஆட்சிப் பொறுப்பைப் பிரபுக்கள் தாயிடம் தரவில்லை. அவரோ கைம்பெண் என்ற முறையில் தமக்குக் கிடைத்த நிலங்களைத் திறம்பட நடத்திப் பெருஞ்செல்வம் சேர்த்து, பிற்காலத்தில் அதே மகனுக்குக் கடன் கொடுத்தார். நிலத்தில் மிச்சம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று தோட்டக் கணக்கு எழுதும் எனக்குத் தெரியும்.