கதையில வர்ற விண்கப்பலுக்கு மோதல் தடுப்பு: மூணு மீட்டர் இரும்புச் சுவர் போதுமா?

தங்கச்சிமடத்தான்:

வணக்கம் மக்களே. தமிழ்ல ஒரு அறிவியல் கதை எழுதிட்டு இருக்கேன், 200 பக்கம் வரும். கப்பல் பேரு வலம்புரி. 40 பேரை ஏத்திக்கிட்டு பர்னார்ட் நட்சத்திரத்துக்குப் போகுது, தூரம் 6 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் கம்மி. வேகம் ஒளியோட வேகத்துல 10 சதவீதம், அதாவது செகண்டுக்கு 30,000 கிலோமீட்டர். போய்ச்சேர 60 வருசம், அதனால ஏறுறவங்களோட பிள்ளைங்கதான் இறங்குவாங்க.

என் பிரச்சினை என்னன்னா வழியில தூசி, சின்னக் கல்லு எதாவது மோதினா கப்பல் என்னாகும்ங்கிறது. முதல்ல முன்பக்கம் மூணு மீட்டர் இரும்புச் சுவர்னு எழுதினேன், எங்க மாமா பையன் படிச்சிட்டு இவ்வளவு வெயிட்டை எந்த எஞ்சினுடா தள்ளும்னு கேட்டுட்டான். சரின்னு அடிச்சிட்டு மின்காந்தத் திரை, சுவிட்சைப் போட்டா எல்லாம் விலகிப் போயிரும்னு மாத்தினேன், அதை எனக்கே படிக்க மனசு ஒப்பல.

போன வாரம் முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனைக்கு பைக்ல போனேன். நல்ல கச்சான் காத்து. ஐம்பதுல போறப்ப மணல் வந்து முழங்கையில ஊசி குத்துற மாதிரி குத்துது, வண்டியை ஓரமா நிறுத்தினதும் அதே மணல் சும்மா உரசிட்டுப் போகுது. ஐம்பது கிலோமீட்டருக்கே இப்படின்னா செகண்டுக்கு 30,000 எப்படி இருக்கும்னு அங்கேயே நின்னு யோசிச்சேன். நம்ம ஊர் ஆளுங்க படிச்சா நம்புற மாதிரி ஒரு தடுப்பு வேணும், சொல்லுங்க.

பாம்பன் வாத்தியார்:

தம்பி, முதல்ல கணக்கைப் பாத்துருவோம். விண்மீன்களுக்கு நடுவுல இருக்கிற தூசி பெரும்பாலும் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), இல்லைன்னா அதுக்கும் கீழ. நீங்க சொல்ற வேகத்துல ஒரு மைக்ரான் தூசி மோதினா, ஒரு மீட்டர் உயரத்துல இருந்து சின்ன எலுமிச்சம்பழம் கையில விழுற அளவு சக்தி. கேக்க லேசா இருக்கு, ஆனா அது அத்தனையும் ஊசிமுனையைவிடச் சின்ன இடத்துல இறங்குது, அதுவும் 60 வருசமா விடாம இறங்குது. அதே நேரம் ஒரு மில்லிகிராம் துகள் ஒண்ணு மாட்டுச்சுன்னு வைங்க, 100 கிலோ டி.என்.டி. வெடிமருந்து வெடிச்ச மாதிரி. இந்த சைஸ் அபூர்வம்தான், ஆனா ஒண்ணே ஒண்ணு போதும்.

மின்காந்தத் திரையை நீங்க வேண்டாம்னு நினைச்சது சரிதான். காந்தப்புலம் மின்னூட்டம் இருக்கிற துகளைத்தான் வளைக்கும். வழியில இருக்கிற ஹைட்ரஜன்ல நிறைய மின்னூட்டம் இல்லாதது, அது பாட்டுக்கு நேரா வந்து அடிக்கும். தூசிக்கு கொஞ்சம் மின்னூட்டம் இருந்தாலும் அது இருக்கிற கனத்துக்கு அவ்வளவு சீக்கிரம் வளையாது. ரேடார்ல பாத்து ஒதுங்கலாம்னு எழுதிறாதீங்க, 3,000 கிலோமீட்டர் முன்னாடியே கண்டுபிடிச்சாலும் செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம்தான் கையில இருக்கும்.

இப்ப உங்க சுவருக்கு வர்றேன். நிஜத்துல யாரும் தடிமனான சுவர் வைக்கிறது இல்ல. ஃப்ரெட் விப்பிள்னு ஒரு வானியலாளர் 1940கள்லயே ஒரு வழி சொன்னாரு: முன்னாடி மெல்லிசா ஒரு தகடு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் உண்மையான சுவர். வர்ற துகள் மெல்லிசு தகட்டுல பட்டதுமே நொறுங்கி, உருகி, ஆவியாகி விரிஞ்சிரும். பின்சுவர் வாங்குறது ஒரு குத்து இல்ல, பரவலான ஒரு தெளிப்பு. சர்வதேச விண்வெளி நிலையத்துல இதே முறைதான், முக்கியமான இடங்கள்ல நடுவுல கெவ்லார்ங்கிற உறுதியான செயற்கை இழை, செராமிக் துணி எல்லாம் திணிச்சு வச்சிருக்காங்க.

1986 மார்ச்ல ஜியோட்டோ விண்கலம் ஹாலி வால்நட்சத்திரத்துக்கு 596 கிலோமீட்டர் பக்கத்துல போச்சே, அதுக்கும் இதுதான் கவசம். முன்னாடி ஒரு மில்லிமீட்டர் அலுமினியம், ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி, பின்னாடி 12 மில்லிமீட்டர் கெவ்லார். மோதல் வேகம் செகண்டுக்கு 68 கிலோமீட்டர். ரொம்ப நெருங்கின அந்தக் கடைசி வினாடிகள்ல ஒரு பெரிய துகள் அடிச்சு கலம் ஆட்டம் கண்டு அரை மணி நேரம் சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு, கேமராவும் போச்சு. ஆனா கலம் பிழைச்சு 1992ல இன்னொரு வால்நட்சத்திரத்தையும் பாத்துட்டு வந்துச்சு. ஒரு சாண் இடைவெளிதான் தம்பி காப்பாத்துச்சு.

மண்டபம் பொண்ணு:

வாத்தியார் சொன்னது அப்படியே நம்ம பாரு வேலை. மன்னார் வளைகுடாவுல 21 தீவு, அதைச் சுத்தி பவளப்பாரு. அலை கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே பாருல உடைஞ்சு நுரையாகி, கரைக்கு வர்றப்ப முழங்கால் தண்ணிதான். பாரு அலையை நிறுத்துறது இல்ல, உடைச்சு விடுது. நான் கடல் உயிரியல் படிக்கிறதால இதுல இன்னும் ஒண்ணு சொல்றேன். தூத்துக்குடி பக்கம் வான் தீவு கரைஞ்சு சுருங்கிக்கிட்டு வந்தப்ப அதைச் சுத்தி செயற்கைப் பாரு இறக்கினாங்க, கான்கிரீட் கட்டை, ஆனா அதுல ஓட்டை ஓட்டையா விட்டுத்தான் வார்த்தாங்க. தண்ணி ஓட்டை வழியா பூந்து போறப்ப வேகம் கரைஞ்சிரும், கட்டையும் புரளாது. உங்க வலம்புரிக்கும் முன்பக்கம் ஒரே தகடா வேண்டாம்ணே, வலை மாதிரி பல அடுக்கு வைங்க. ஒரு அடுக்கு கிழிஞ்சா அந்த இடத்தை மட்டும் தைக்கலாம், வலை பொத்துற மாதிரி. 60 வருசப் பயணத்துல அந்தத் தையல் வேலை யார் கையில இருக்குங்கிறதே பெரிய கதை.

ஒரு விசயம் தப்பா எழுதிறாதீங்க, வேகம் கம்மியானா ஆபத்தும் கம்மின்னு நினைக்காதீங்க. விப்பிள் கவசத்துக்கு செகண்டுக்கு 7 கிலோமீட்டர்ல வர்ற துகள் நொறுங்கிரும், அதே துகள் 3 கிலோமீட்டர்ல வந்தா நொறுங்காம முழுசா உள்ள பூந்துரும். அதனால கப்பல் போய்ச்சேர்ந்து மெதுவா சுத்துற கட்டத்துலதான் இந்தக் கவசம் கைவிடும்.

கீழக்கரை நாகூரான்:

நல்ல பேச்சு ஓடுது. 1973ல இருந்து 1978 வரைக்கும் பிரிட்டிஷ் கோள்களிடைச் சங்கம் டேடலஸ்னு ஒரு திட்டம் போட்டாங்க, ஆளில்லாத கலம், ஒளிவேகத்துல 12 சதவீதம், போற இடமும் உங்க பர்னார்ட் நட்சத்திரமே. அவங்க கவசம் பெரிலியம் தகடு, ஒரு சென்டிமீட்டர்கூட தடிமன் கிடையாது, எடை 50 டன். போய்ச்சேர்ற இடத்துல தூசி ஜாஸ்தி இருக்கும்னு கலத்துக்கு 200 கிலோமீட்டர் முன்னாடி பொடியைத் தூவி ஒரு மேகம் விட்டுக்கிட்டே போற மாதிரி யோசிச்சாங்க.  

ஆனா டேடலஸ் நிக்காம கடந்து போற கலம். உங்க கப்பல் நிக்கணும், இதை யாரும் கேக்கலையே. நிக்கணும்னா கப்பலைத் திருப்பி எஞ்சினை முன்னாடி காட்டித்தான் வேகத்தைக் குறைக்கணும். அப்ப அணியத்துல, அதான் கப்பலோட மூக்குல, கட்டின கவசம் பின்னாடி போயிருது, எஞ்சின் இருக்கிற வால்பக்கம், அதான் அமரம், அம்மணமா முன்னாடி நிக்குது. எஞ்சின்ல ஒரு சின்னக் குழாய் பொத்தல் விழுந்தாப் போதும். 2022 டிசம்பர்ல விண்வெளி நிலையத்துல நின்ன ரஷ்ய சோயுஸ் கலத்தோட குளிர்விப்புக் குழாய்ல ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டை, விண்கல் துகள் அடிச்சதுன்னாங்க, அதனால ஆறு மாசத்துக்குப் போன விண்வெளி வீரர் ஃப்ராங்க் ரூபியோ 371 நாள் மேல இருந்தாரு.

தங்கச்சிமடத்தான்:

நாகூரான் காக்கா, தூக்கமே போச்சு. இப்படி வச்சா எப்படி? திருப்புறதுக்கு முன்னாடி கவசத் தகட்டைக் கழட்டி விட்டுர்றாங்க. கப்பல் வேகம் குறையும், தகடு அதே வேகத்துல போய்க்கிட்டே இருக்கும், அதனால தானா முன்னாடி போயி வழியைக் கூட்டிக் குடுக்கும். எஞ்சினுக்கும் பாதுகாப்பு.

கீழக்கரை நாகூரான்:

அருமையான யோசனை, ஆனா முழுசா யோசிங்க தம்பி. 50 டன் தகடு அந்த வேகத்துல நேரா நீங்க இறங்கப்போற ஊரைப் பாத்துப் போகுது. கணக்குப் போட்டேன், 5,000 மெகாடன் டி.என்.டி.க்கும் மேல வருது. அங்க கிரகத்துல எதாவது உயிர் இருந்தா? நமக்குக் கவசம், அவங்களுக்கு அது வேற.

பாம்பன் வாத்தியார்:

தள்ளி விடலாமேன்னு தோணும். பக்கவாட்டுல செகண்டுக்கு 10 மீட்டர் தள்ளினா ஒரு வருசத்துல 3 லட்சம் கிலோமீட்டர் விலகிரும், கிரகத்துல படாது. ஆனா அப்ப கப்பலோட பாதையை விட்டும் விலகிருமே, கூட்டிக் குடுக்குற வேலை நடக்காது. ரெண்டுல ஒண்ணுதான்.

மண்டபம் பொண்ணு:

தகடா விடாம பொடியாக்கி விடுங்களேன். காக்கா சொன்ன மேகம் மாதிரி. பொடி போற வழியில அகலமா பரவிக்கிட்டே போகும், கொஞ்ச தூரத்துக்கு கப்பலுக்கு முன்னாடி இருக்கும், அங்க போய்ச்சேர்றப்ப லட்சக்கணக்கான கிலோமீட்டர் விரிஞ்சிருக்கும், கிரகத்துல ஒரு துளி பங்குதான் விழும். காத்து மண்டலம் இருந்தா மேலேயே எரிஞ்சிரும். கப்பலுக்கு பாதுகாப்பு கடைசியில குறையும், அதை அவங்க ஏத்துக்கணும்.

தங்கச்சிமடத்தான்:

தங்கச்சி, இதுதான். ஏழாம் அத்தியாயம் முழுக்க அழிச்சிட்டேன். கப்பல்லயே பொறந்த பிள்ளைங்க 40 வருசமா பொத்திப் பொத்தி காப்பாத்தின வலையை அவங்களே அரைச்சுப் பொடியாக்கணும், அடுத்த மூணு வருசம் அமரத்துல ஒண்ணுமில்லாம போகணும். அதுக்கு எத்தனை பேர் கை தூக்குவாங்கன்னு எழுதிக்கிட்டு இருக்கேன். இப்போதைக்கு 22க்கு 18ல நிக்குது.