காரைக்குடி பக்கம் பிரசவப் பயிற்சி மாடல் இரவல் கிடைக்குமா?

வணக்கம். காரைக்குடியில் கிராமச் செவிலியர்களுக்கும் நர்சிங் மாணவிகளுக்கும் பிரசவப் பயிற்சி நடத்தப் போகிறோம். கையில் இருப்பது ஒரு இடுப்பெலும்பு மாடலும் துணிப் பொம்மையும்தான். குழந்தை இறங்கி வரும் விதத்தை அதில் காட்டிவிடலாம். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை எப்படிக் காட்டுவது?

அதற்கு லேர்டல் நிறுவனத்தின் மாமாநாட்டலி என்ற பிரசவப் பயிற்சி மாடல் வேண்டும். பயிற்றுநர் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு தாயாக நடிப்பார். உள்ளிருக்கும் பையிலிருந்து 'ரத்தம்' வரும். கருப்பை தளர்ந்து கிடப்பதையும், தேய்த்துவிட்டதும் இறுகுவதையும் அவரே காட்டலாம். வலியில் கத்துகிறவரிடம் பேசிக்கொண்டே வேலை பார்க்கப் பழகுவதுதான் பெரிய லாபம். கண் சிமிட்டும் விலையுயர்ந்த பொம்மைகளில்கூட அது இந்த அளவு வராது என்பது என் எண்ணம்.

மதுரை, திருச்சி, புதுக்கோட்டை பக்கம் யாரிடமாவது இருந்தால் ஒரு வார இறுதிக்குத் தருவீர்களா? நாங்களே வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறோம். மூச்சுவிடாத சிசுவுக்குப் பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுத்துப் பழக நியோநாட்டலி பொம்மையும் சேர்ந்து கிடைத்தால் ரொம்ப நல்லது.

அப்புறம், செயற்கை ரத்தத்துக்கு என்ன கலக்குகிறீர்கள்? வகுப்பு நடப்பது பழைய நகரத்தார் வீட்டு வளவில். ஆத்தங்குடிக் கல்லில் கறை படிந்தால் அந்த வீட்டு ஆச்சி மறுபடி உள்ளே விடமாட்டார்கள்! கழுவினால் போகிற சாயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.