டிராமாட்டிக் ஐரனிக்குக் கலைச்சொல்: ‘முன்னறிமுரண்’ சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

டிராமாட்டிக் ஐரனிக்கு, அதாவது பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிஞ்சிருக்கறதால அது சொல்றது வேற பொருள் தர்ற உத்திக்கு, தமிழ்ல பேரா இந்த இழையில இதுவரை ‘நாடக முரண்’, ‘நாடக முரண்நகை’, ‘நாடக அங்கதம்’னு மூணு வந்திருக்கு. அங்கதத்த முதல்ல எடுத்துடலாம், அது வசை, தொல்காப்பியம் செம்பொருள், பழிகரப்புன்னு வகை பிரிச்சு வச்சிருக்கறது வசையத்தான், இங்க யாரும் யாரையும் வையல.

மத்த ரெண்டுலயும் உறுத்தறது ‘நாடக’ங்கற அடைமொழி. கேக்கற பசங்க இது மேடையில மட்டும் வர்றதுன்னு நினைச்சுக்குவாங்க. சிறுகதையில வருது, சினிமாவுல வருது, காப்பியத்துல வருது. நமக்குத் தெரிஞ்சது பாத்திரத்துக்குத் தெரியலங்கறதுதான் விஷயமே.

சிலப்பதிகாரத்துல புறஞ்சேரி இறுத்த காதைய எடுத்துக்குங்க. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளிய வையைக் கரையில நிக்கறாங்க, ஆறு முழுக்கப் பூ. ‘தையற்கு உறுவது தான் அறிந்தனள் போல்’, அதாவது கண்ணகிக்கு வரப்போற துயரம் தெரிஞ்சவ மாதிரி, வையை பூவாடையப் போர்த்திக்கிட்டு, கண் நிறைஞ்ச தண்ணிய வெளிய காட்டாம அடக்கிக்கிட்டாளாம். ஆத்துக்குத் தெரியுது, நமக்கும் தெரியுது, நூலோட முன்னாடி வர்ற பதிகத்துலயே கதை மொத்தமும் சொல்லியாச்சு. அவங்க ரெண்டு பேருமோ ‘புனல்யாறு அன்று இது பூம்புனல் யாறு’ன்னு கும்பிட்டுட்டு, கவுந்தியடிகளோட மரப்புணையில ஏறி அக்கரைக்குப் போயிடறாங்க. வகுப்புல, இயல்பா நடக்கறது மேல கவிஞர் தன் கற்பனைய ஏத்திச் சொல்ற தற்குறிப்பேற்ற அணின்னு சொல்லிட்டு நகர்ந்துடறோம். அணி அதுதான், ஆனா அவங்க வியந்து சொல்ற சொல்லு நம்ம காதுல வேற மாதிரி விழுதே, அதுக்கு ஒரு பேரு வேணும்.

என் பரிந்துரை ‘முன்னறிமுரண்’. ‘அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்’னு சின்ன வயசுலேர்ந்து எல்லார் வாயிலயும் புழங்கற அதே ‘முன்னறி’தான், சொல்லிக் குடுக்கவே வேண்டாம்.

————

> என் பரிந்துரை ‘முன்னறிமுரண்’

ஐயா, ‘நாடக’ வேண்டாம்ங்கறத ஒத்துக்கறேன், ஆனா நகைய ஏன் விட்டீங்க? தொல்காப்பியத்துல உணர்ச்சிகளச் சொல்ற மெய்ப்பாட்டியல்ல நகை பிறக்கற இடம் எள்ளல், இளமை, பேதைமை, மடன்னு நாலு. பாத்திரம் தெரியாம நிக்கறது பேதைமைதானே?

இன்னொண்ணு, ‘முன்னறி’ன்னதும் எனக்கு வானிலை முன்னறிவிப்புதான் வருது. கர்ண மோட்சம் கூத்துல எதிர்ல நிக்கறது சொந்த அண்ணன்னு தெரியாம அர்ஜுனன் அம்பு விடறான், நமக்குத் தெரியும், ஆனா அது எப்பவோ நடந்து முடிஞ்ச பிறப்பு விஷயம். இதுல முன்கூட்டி அறிய என்ன இருக்கு? பின்னால வரப்போறத முன்னாடியே சாடையாக் காட்டற முன்னுணர்த்தலோட குழம்பிடும்.

————

> முன்கூட்டி அறிய என்ன இருக்கு?

கர்ணன நீங்க கொண்டு வந்தது நல்லதாப் போச்சு, ஏன்னா வரையறைய அதுதான் தெளிவாக்குது. ‘முன்’ங்கறது வருங்காலத்தச் சொல்லல, பாத்திரம் அறியறதுக்கு முன்னாடி நாம அறியறதச் சொல்லுது. அறியற விஷயம் பழசாவும் இருக்கலாம், இனிமே வரப்போறதாவும் இருக்கலாம். சோபாக்ளீஸோட நாடகத்துல ஈடிபஸ், பழைய ராஜாவக் கொன்னவன் நாசமாப் போகட்டும்னு ஊரறிய சாபம் விடறான், கொன்னவன் அவனேதான், அந்தக் கொலையும் அவன் பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது. அர்ஜுனன் கதையும் இதே வகை, வையைக் கரை மட்டும் இனிமே வரப்போறது. முன்னுணர்த்தல் வேற, அதுல வாசகருக்கே லேசா ஒரு சாடைதான் கிடைக்கும், இங்க நமக்கு முழுசாத் தெரிஞ்சிருக்கு.

பேதைமை பத்தி நீங்க சொன்னது வலுவான வாதம், அத லேசா ஒதுக்க முடியாது. ஆனாலும் ரெட்டை வேஷப் படத்துல தம்பிய அண்ணன்னு நினைச்சு மாமனார் உபசாரம் பண்ணும்போது தியேட்டரே சிரிக்குது, வையைக் கரையில நமக்குத் தொண்டைய அடைக்குது. உத்தி ஒண்ணு, மெய்ப்பாடு வேற வேற. அதனால பேருக்குள்ள நகைய வைக்க மனசு வரல. பொதுவா ஐரனிக்கு ‘முரண்நகை’ நிலைச்சுப் போச்சு, அத இப்பக் கலைக்க வேண்டாம்.

அகராதிப் பதிவு இப்படிப் போடலாமா: ‘முன்னறிமுரண் – பாத்திரம் அறியாத ஒன்றை வாசகரோ பார்வையாளரோ அதற்கு முன்பே அறிந்திருப்பதால், அப்பாத்திரத்தின் சொல்லோ செயலோ அது கருதாத வேறு பொருளும் தருவது’. திருத்தம் இருந்தா சொல்லுங்க, ‘முன்பே’ங்கறத மட்டும் எடுத்துடாதீங்க. சொல்றது ஒண்ணு, நினைக்கறது வேற ஒண்ணா இருக்கற வெர்பல் ஐரனிய அடுத்த இழையில வச்சுக்கலாம், அதுக்கு வஞ்சப்புகழ்ச்சின்னு சிலர் சொல்றாங்க, ஆனா அதுல புகழறதும் பழிக்கறதும் மட்டும்தான் அடங்குது.