புதுப்பிப்பு: கூண்டுக் கம்பி தெரியாமல் மிருகங்களைப் படமெடுப்பது

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் எடுத்த சிறுத்தைப் படத்தில் வலைக்கம்பி குறுக்கே விழுந்திருக்கிறது, எடிட்டிங்கில் போக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மட்டக்களப்பிலிருந்து நினைத்தவுடன் தெஹிவளைக்குப் போக முடியாதே, அதனால் முதலில் வீட்டுக் கோழிக்கூட்டில் பழகினேன். சேவல் நல்ல பொறுமைசாலி.

ஓர் அண்ணன் சொன்ன வழிதான் சரிவந்தது. தடுப்பைத் தாண்டாமல் வலைக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்டப் போய், லென்ஸின் திறப்பளவை (அபர்ச்சர்) எஃப் 4 அல்லது அதற்கும் குறைந்த எண்ணில் வைத்து, ஸூமை முழுதாக இழுக்க வேண்டும். மிருகம் வலையை விட்டுத் தள்ளி நிற்கும்போது எடுத்தால் கம்பி கரைந்துபோகும். ஆனால் வெயில் படும் கம்பி அப்படிக் கரையாது. வெள்ளைப் புகை மாதிரிப் படம் முழுக்கப் படிந்துவிடும். நிழல் விழும் பக்கமாகப் பார்த்து நில்லுங்கள்.

மிச்ச மங்கலை லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் பார்த்துக்கொண்டேன். அதில் மங்கலைக் குறைக்கும் டிஹேஸை முழுப்படத்துக்கும் ஏற்றினால் ரோமம் கறுத்து முரடாகிவிடுகிறது, அதனால் மாஸ்க் போட்டு, அதாவது இடத்தைத் தேர்ந்தெடுத்து, மங்கிய இடத்துக்கு மட்டும் ஏற்றினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பாம்புகளில் பச்சைச் சாயல் இருந்தது; பச்சை–மஜென்டா (ஊதா கலந்த சிவப்பு) சாயலை மாற்றும் டின்டை மஜென்டா பக்கம் கொஞ்சம் தள்ளினேன், போய்விட்டது.

அப்புறம், ஏஐ அழிப்பான் பற்றிக் கேட்ட தம்பிக்கு: உடம்பில் விழுந்த கம்பிக்குச் சரி. கண்ணுக்குக் குறுக்கே விழுந்தால் அது கண்ணையே புதிதாக வரைந்துவிடுகிறது, அந்தப் படங்களை நான் தொடவில்லை.

ரோ (RAW) கோப்புகளை, அதாவது கமராவிலிருந்து வந்த திருத்தாத மூலக் கோப்புகளை, இன்றிரவு போடுகிறேன்.