பத்தாம் வசனத்தை ஏன் அட்டையில் அச்சடிப்பதில்லை?

பொருநைக்கரை:
போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "புத்தாண்டு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது. கர்த்தரோடு என் உறவு உறுதி என்பதற்கு அது போதும். இனி இந்த வருஷம் எதற்கும் கவலை இல்லை." அதன் கீழே வரிசையாக ஆமென். படித்ததிலிருந்து மனது ஆறவில்லை.

புத்தாண்டு ஆராதனையில் தட்டில் குவித்து வைத்த வாக்குத்தத்த வசன அட்டைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பதற்குப் பெயர் உறவா? "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது? கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துக்கொண்டு போன யூதர்களுக்கு, எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம் அது. முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். அனனியா என்றொரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்கள் கேட்க ஆசைப்பட்டதையே சொன்னான். அந்த வருஷமே செத்தான். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று எழுதினார். அந்த எழுபது வருஷம்தான் 10-ஆம் வசனம். கடிதத்தைக் காதால் கேட்ட மூப்பர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருக்க முடியும்?

பக்கத்து வீட்டுக்கு வந்த தபாலைப் பிரித்து, நடுவில் ஒரே ஒரு வரியை வெட்டி எடுத்து, ரோஜாப்பூ படம் போட்டு நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். 10 இல்லை. 12, 13 இல்லை. "உங்கள் முழு இருதயத்தோடும் என்னைத் தேடினீர்களானால்" என்று அடுத்தாற்போலவே இருக்கிறது. தேடச் சொல்கிற வசனம் யாருக்கும் வேண்டாம். நம் சபைகள் எவ்வளவு மந்தமாகிவிட்டன என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஒலிவமரம்:
அண்ணாச்சி, நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று எல்லாருக்கும் தெரிகிறது. அவர் வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜனவரி முதல் தேதி அட்டையை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். மனப்பாடம் ஆகும்வரை விடமாட்டார்கள். அப்புறம் பீரோ கதவில் ஒட்டிவிட்டு, விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து அந்த வசனத்தைச் சொல்லித்தான் ஜெபிப்பார்கள். அவர்களுக்கும் கர்த்தருக்கும் உறவு இல்லை என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

இன்னொன்று. "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது யோசுவாவுக்குச் சொன்னது. அதே வாக்கைப் புதிய ஏற்பாட்டில் எபிரெயர் 13:5 எடுத்து, யோசுவா காலத்துக்கும் யுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாத விசுவாசிகளுக்குக் கொடுக்கிறது. அந்த நிருபத்தை எழுதியவரும் பக்கத்து வீட்டுத் தபாலைப் பிரித்தவர்தானா?

பொருநைக்கரை:
உங்கள் மாமியாரை நான் இழுக்கவில்லை, நீங்கள்தான் இழுக்கிறீர்கள். நாலு மணிக்கு எழுந்து தேடுகிறவர்கள் 13-ஆம் வசனத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அட்டையை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருக்கிறவர்களைத்தான் சொன்னேன். எபிரெயர் 13:5-க்கு என்ன விளக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் கேட்டது 10-ஆம் வசனம். அதை ஏன் அச்சடிப்பதில்லை?

அனல்மூட்டு:
பிரதர், இது பாரம்பரிய சபைகளின் வியாதி. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம், புத்தகத்தைப் பார்த்து ஜெபம், அதன் பிறகு ஆலய வாசலில் நின்று ஊர்க்கதை. மறுபடியும் பிறக்காதவனுக்கு 10-ஆம் வசனம் அச்சடித்தால் என்ன, 11-ஆம் வசனம் அச்சடித்தால் என்ன? முதலில் மனந்திரும்பி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கட்டும்.

கடைசிபெஞ்ச்:
வந்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு வாக்குத்தத்தம் போதாமல் மாதத்துக்கு ஒன்று, அதுவும் போதகர், போதகர் மனைவி படத்தோடு ஃபிளெக்ஸில் போடுவது எந்தச் சபைகள் பிரதர்? எங்கள் அட்டையிலாவது வசனம் மட்டும்தான் இருக்கிறது.

அனல்மூட்டு:
சபையைப் பழிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. குழந்தை ஞானஸ்நானத்துக்கு வேதத்தில் ஒரு வசனம் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

நூலகவாசி:
அட்டை எடுக்கும் வழக்கத்தையே ஏதோ நம்மூர் சோம்பேறித்தனம் போல எழுதுகிறார்கள், அதனால் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறிய மொராவிய விசுவாசிகள் 1728-லிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் சொல்லிக்கொண்டார்கள். 1731-லிருந்து அது புத்தகமாகவே வருகிறது. இன்றும் பழைய ஏற்பாட்டு வசனங்களை அங்கே சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் மிஷனரிகளை அனுப்பிய கூட்டம் அது. தரங்கம்பாடிக்கும் 1760-ல் வந்தார்கள். சீட்டு எடுத்து வசனம் வாங்கிய அவர்களையும் மந்தம் என்பீர்களா, பொருநைக்கரை ஐயா?

பொருநைக்கரை:
பாதி வரலாற்றைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். அதே ஹெர்ன்ஹூட்டில் 1727-ல் இரவும் பகலும் மணிக்கணக்குப் பிரித்து முறை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். நூறு வருஷத்துக்கு அந்தச் சங்கிலி அறவில்லை என்று அவர்களே பதிந்திருக்கிறார்கள். சீட்டு எடுத்தது, அப்படி ஜெபித்துக்கொண்டிருந்த கை. நம் சபையில் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒவ்வொருவரும் தங்கள் சபையை நினைத்துப் பார்க்கட்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் அசனத்துக்கும் வருகிற கூட்டத்தில் கால்வாசி அதற்கு வருமா?

10-ஆம் வசனத்துக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

நூலகவாசி:
பதில் இதோ. 1939 ஜூனில், ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தார். ஜெர்மனிக்குத் திரும்புவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்த நேரம். அப்போது 2 தீமோத்தேயு 4:21-ஐ வாசித்தார்: "மாரிகாலத்துக்குமுன் நீ வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு." அது பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது, போன்ஹோஃபருக்கு எழுதியது அல்ல. ஆனாலும் அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்று குறித்து வைத்தார். ஜூலையில் கப்பலேறிவிட்டார். இன்னொருவருக்கு வந்த தபால் ஒரு மனிதனோடு பேசக்கூடாது என்று சட்டம் போட நீங்கள் யார்?

ஒலிவமரம்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நன்றி நூலகவாசி.

பொருநைக்கரை:
போன்ஹோஃபரை நீங்களே கொண்டுவந்தது நல்லதாயிற்று. அந்த வசனம் அவரை எங்கே அனுப்பியது? பத்திரமான இடத்திலிருந்து ஹிட்லரின் நாட்டுக்கு. 1943-ல் கைது. 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பூர்கில் தூக்கு. வசனத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவர் அதற்கு விலையும் கொடுத்தார். நம் ஆட்கள் 29:11-ஐ எடுத்துக்கொண்டு எங்கே போகிறார்கள்? வீடு பால்காய்ச்சுக்கும் விசா நேர்காணலுக்கும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வாட்ஸப்பில் வைத்துவிட்டு, ஒரு மாதம் வேதத்தைத் தொடுவதில்லை. அவர் பெயரை அட்டைக்கு வக்காலத்தாக இழுப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஒலிவமரம்:
விசா கேட்டு ஜெபிப்பது பாவமா அண்ணாச்சி? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லையா?

சரி, தபால் கணக்கிலேயே வருகிறேன். "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வெளிப்படுத்தல் 3:20-ஐ கன்வென்ஷன் மேடையில் ஆண்டவரை அறியாதவர்களைப் பார்த்துச் சொல்கிறோம். நீங்களே அப்படிப் பிரசங்கித்ததாகப் போன வருஷம் இங்கே எழுதினீர்கள். அது யாருக்கு எழுதப்பட்டது? லவோதிக்கேயா சபைக்கு. ஞானஸ்நானம் எடுத்த சபையாருக்கு. அது மட்டும் பக்கத்து வீட்டுத் தபால் இல்லையா? உங்களுக்கு ஒரு சட்டம், என் மாமியாருக்கு ஒரு சட்டமா?

பொருநைக்கரை:
லவோதிக்கேயாவைத் தொட்டீர்கள், நன்றி. நான் சொல்கிற வியாதிக்கே அந்தச் சபைதான் முதல் சாட்சி. கி.பி. 60 வாக்கில் பூமியதிர்ச்சியில் அந்தப் பட்டணம் இடிந்தபோது, ரோமின் உதவி இல்லாமல் சொந்தக் காசிலேயே எழுந்து நின்றது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். பணம் புழங்கிய ஊர். அந்த மிதப்பு சபைக்குள்ளும் புகுந்துவிட்டது: "நான் ஐசுவரியவானென்றும், திரவியசம்பன்னனென்றும், எனக்கு ஒரு குறைவுமில்லையென்றும்." அவர்கள் விக்கிரகத்தை வணங்கினார்கள் என்றோ கள்ள உபதேசம் பண்ணினார்கள் என்றோ ஆண்டவர் குற்றம் சொல்லவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த சபையில் ஆண்டவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். நம்மிடமும் கட்டடம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, சந்தா பாக்கி இல்லை, பாடகர் குழுவுக்குப் புது அங்கி வந்துவிட்டது. ஒரு குறைவுமில்லை.

ஒலிவமரம்:
நான் கேட்டது பூமியதிர்ச்சியைப் பற்றி அல்ல. 3:20 யாருக்கு எழுதப்பட்டது என்று கேட்டேன்.

பொருநைக்கரை:
சபைக்குத்தான். சபைக்கே அந்த நிலைமை என்றால் வெளியே இருக்கிறவனுக்கு அந்த அழைப்பு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அதற்கும் 10-ஆம் வசனத்தை வெட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

ஒலிவமரம்:
ஓ, உங்களுக்கு வேண்டுமென்றால் "இன்னும் அதிகமாகப் பொருந்தும்". எங்களுக்கு என்றால் "வெட்டுவது". புரிகிறது.

கடைசிபெஞ்ச்:
எனக்கு வேறொரு சந்தேகம். திருமண்டலத் தேர்தல் சமயத்தில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் இன்று ஆவிக்குரிய மந்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஜெபக்கூட்டத்துக்கு ஆள் கூப்பிட என்றைக்காவது அப்படி வீடு வீடாகப் போனதுண்டா? காணிக்கைக் கணக்கைப் பற்றி நான் கேள்வி கேட்டபோது என்னைக் "கலகக்காரன்" என்று எழுதியதை நான் மறக்கவில்லை.

பொருநைக்கரை:
அந்தத் தேர்தலில் நான் நிற்கவில்லை. நின்றவருக்காகப் பேசினேன், அதை மறைக்கவும் இல்லை. உங்கள் கணக்குக் கேள்விக்கு அப்போதே பதில் வந்துவிட்டது. அதை இங்கே இழுப்பது 10-ஆம் வசனத்திலிருந்து தப்பிக்கத்தான்.

நூலகவாசி:
திரும்பத் திரும்ப 10 என்கிறீர்கள். அந்த எழுபது வருஷத்தையே எங்கிருந்து எண்ணுவது? நீங்கள் சொன்ன 597-லிருந்து எண்ணினால், பெர்சிய ராஜா கோரேசு ஜனங்களைத் திரும்ப அனுப்பிய 538 வரை 59 வருஷம்தான் வருகிறது.

பொருநைக்கரை:
597 கடிதம் எழுதப்பட்ட காலத்தைக் காட்ட. தானியேல் தீர்க்கதரிசி பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட 605-லிருந்து எண்ண வேண்டும்.

நூலகவாசி:
அப்போதும் 67. ஆலயம் இடிக்கப்பட்ட 586-லிருந்து இரண்டாம் ஆலயம் முடிந்த 516 வரை எண்ணினால்தான் சரியாக எழுபது. முதல் பதிவில் அத்தனை உறுதியாக எழுதியவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

அனல்மூட்டு:
தீர்க்கதரிசன வருஷத்துக்கு 360 நாள். கணக்குப் போட்டால் எல்லாம் சரியாக வரும் பிரதர்.

கடைசிபெஞ்ச்:
67 வருஷத்தைப் போட்டால் 68 வருகிறது. இன்னும் இரண்டு எங்கே பிரதர்?

பொருநைக்கரை:
வருஷத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எழுபது வருஷ வாக்கை நம்மைவிட உறுதியாக நம்பிய ஒருவன் வேதத்திலேயே இருக்கிறான். தானியேல் 9. எரேமியாவின் புத்தகத்தைப் படித்து, காலம் முடியப்போகிறது என்று அறிகிறான். வாக்குத்தத்தம் கையில் இருக்கிறது, இனிக் கவலை இல்லை என்று அவன் உட்காரவில்லை. அடுத்த வசனத்திலேயே உபவாசம், இரட்டு, சாம்பல். "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்று ஜனங்களின் பாவத்தில் தன்னையும் சேர்த்து அறிக்கையிடுகிறான். வாக்குத்தத்தம் அவனை முழங்காலில் தள்ளியது, நம்மைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கிறது. வசனத்தை எடுக்காதீர்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. எடுத்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒலிவமரம்:
இல்லை அண்ணாச்சி, நீங்கள் எழுதியது அது இல்லை. "கண்ணை மூடிக்கொண்டு அட்டை எடுப்பதற்குப் பெயர் உறவா" என்றுதான் ஆரம்பித்தீர்கள். மேலே போய்ப் பாருங்கள், அப்படியே இருக்கிறது. கஷ்டத்தில் இருக்கிற ஒரு மனுஷனைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திவிட்டு, இப்போது தானியேலுக்குப் பின்னால் ஒளிகிறீர்கள். தானியேல் தன் பாவத்தையும் சேர்த்து அறிக்கை செய்தான் என்று நீங்களே எழுதினீர்கள். உங்கள் பதிவுகளில் குற்றம் சாட்டப்படுகிறவர்கள் எப்போதும் மற்றவர்கள்தான்.

பொருநைக்கரை:
"நம் சபைகள்" என்று எழுதினேன். "நம்" என்பதில் நானும் உண்டு. அவர் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை.

ஒலிவமரம்:
பெயர்தான் சொல்லவில்லை.

நூலகவாசி:
605-ல் தானியேல் போனதற்கு ஆதாரம் தானியேல் 1:1. அங்கே யூதாவின் ராஜா யோயாக்கீமின் மூன்றாம் வருஷம் என்று இருக்கிறது. எரேமியா 25:1-ல் நேபுகாத்நேச்சாரின் முதல் வருஷம் யோயாக்கீமின் நாலாம் வருஷம். இதை எப்படிப் பொருத்துகிறீர்கள் என்று ஐயா சொன்னால் மேலே பேசலாம்.

பொருநைக்கரை:
சொல்கிறேன். யூதர்களும் பாபிலோனியரும் ராஜா பட்டமேறிய வருஷத்தை வேறு வேறு விதமாக எண்ணினார்கள். தனி இழை திறந்து விரிவாக எழுதுகிறேன். அங்கே வாருங்கள், மாமியார், தேர்தல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாருங்கள்.

அனல்மூட்டு:
குழந்தை ஞானஸ்நானத்துக்கு வசனம் கேட்டேன். இன்னும் ஒருவரும் தரவில்லை.