பள்ளி விடுமுறைக்குத் திடலில் ‘இண்டிபென்டென்ஸ் டே’ போடலாமா?

பெரட்டுக்களம்:
மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் சுற்று வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்காக இந்த விடுமுறையில் திடலில் திரை கட்டிப் படம் போடப் போகிறோம். நான் சொன்ன படம், ரோலண்ட் எமெரிக் இயக்கி 1996இல் வந்த ‘இண்டிபென்டென்ஸ் டே’. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகக் கதை: வேற்றுக்கிரகக் கப்பல்கள் பெரிய நகரங்களின் மேல் வந்து நிற்கின்றன, ஒரே நேரத்தில் அத்தனையையும் எரிக்கின்றன. மிஞ்சிய மனிதர்கள் எதிரியின் தாய்க்கப்பலுக்குள் கணினி வைரஸை ஏற்றி, கப்பல்களின் கவசத்தை விழ வைத்து, ஜூலை 4 அன்று திருப்பி அடிக்கிறார்கள். பெரிய திரைக்கென்றே எடுத்த படம் இது. குழுவில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். காரணத்தை இங்கேயே பேசிவிடலாம்.

சயாம் பேரன்:
வேண்டாம் என்றவர்களில் நானும் ஒருவன். படத்தில் ஈராக் பாலைவனத்தில் பிரிட்டிஷ் விமானிகள் விமானங்களை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து மோர்ஸ் குறியீட்டில் செய்தி வந்த பிறகுதான் அவர்களுக்கு உயிரே வருகிறது. உலகத்தில் வேறு யாருக்கும் ஒரு யோசனையும் தோன்றாதா? கடைசியில் ஜூலை 4 இனி உலகம் முழுமைக்கும் சுதந்திர நாள் என்கிறார் அதிபர். நமக்கு ஆகஸ்டு 31 இருக்கிறது, 1957இல் கிடைத்தது. நம் பிள்ளைகள் எதற்கு அவர்களுடைய நாளுக்குக் கைதட்ட வேண்டும்?

இன்னொன்று. படையெடுப்பு என்றால் என்ன என்று தோட்டத்து மக்களுக்குத் தெரியும். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் விழுந்தது. துரைமார் தெற்கே ஓடிவிட்டார்கள். ரப்பர் வாங்க ஆள் இல்லை, சம்பளம் இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று சொல்லி ஜப்பானியர் நம் ஆட்களைச் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காட்டிலேயே காலராவிலும் மலேரியாவிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் செத்தார்கள். என் பாட்டன் திரும்பி வந்தார், அவருடைய தம்பி வரவில்லை. படத்தில் படையெடுப்பு மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. எதிரியின் கீழே யாரும் வேலை செய்ய வேண்டியதில்லை. அரிசிக்காக அடுத்த வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுக்க வேண்டிய நிலை யாருக்கும் வருவதில்லை. நமக்கு அது மூன்று வருடம் எட்டு மாதம் நீடித்தது.

அறிவியல் டீச்சர்:
எனக்கு வேறு கவலை. தாய்க்கப்பல் 550 கிலோமீட்டர் விட்டம், நிலாவின் எடையில் கால் பங்கு என்று படத்திலேயே சொல்கிறார்கள். நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். கப்பலை முழு உருண்டையாகவே வைத்துக்கொண்டாலும் அதன் கன அளவு நிலாவில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்குதான். அதற்குள் நிலாவின் கால் பங்கு எடை இருக்க வேண்டுமானால், பூமியில் கிடைக்கும் மிக அடர்ந்த உலோகமான ஆஸ்மியத்தைப்போல் ஒன்பது மடங்கு அடர்த்தி வேண்டும். நிலாவின் தூரத்தில் பாதிக்கு அது வந்தாலே கடலை இழுக்கும் விசை நிலாவுடையதைப்போல் இரண்டு மடங்காகிவிடும். ஆயுதமே தேவையில்லை, கரையோர ஊர்கள் தண்ணீரில் போய்விடும். படத்தில் கடல் அசையவே இல்லை.

அந்த வைரஸ் விஷயமும் அப்படித்தான். நம் கணினியில் எழுதிய நிரல் அவர்கள் கணினியில் எப்படி ஓடும்? ஒரு தொலைபேசிக்கு எழுதியது இன்னொரு தொலைபேசியில் ஓடுவதில்லை. மந்திரம் போட்டதுபோல் எல்லாம் நடந்துவிடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அறிவியல் என்ற பெயரில் அதைக் காட்டக்கூடாது.

லயத்துக்காரி:
டீச்சர், வைரஸுக்குப் படத்தில் அடித்தளம் இருக்கிறது. எதிரி நம் செயற்கைக்கோள்கள் வழியாகத்தான் தன் கப்பல்களுக்குத் தாக்குதல் நேரத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறான். அந்தச் சமிக்ஞையைத்தான் கதாநாயகன் முதலில் பிடிக்கிறான். அவர்கள் நம் கருவியோடு பேசியிருக்கிறார்கள் என்றால் பாதை ஏற்கெனவே திறந்துவிட்டது. 1947இல் விழுந்த கப்பல் ஒன்றை அமெரிக்கர்கள் ஏரியா 51 என்ற ரகசிய ராணுவத் தளத்தில் வைத்துப் பல வருடம் ஆராய்ந்ததாகவும் கதை சொல்கிறது. (அந்த ஏரியா 51 கதையை எடுக்கச் சொல்லி, படக்குழு மறுத்ததால் அமெரிக்க ராணுவம் ஒத்துழைப்பு தரவில்லை.) நிரூபணம் போதாது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளலாம். மந்திரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

சயாம் பேரன் தம்பி, நீங்கள் ரஸல் கேஸைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே. வயலுக்கு விமானத்தில் பூச்சிமருந்து தெளிக்கிறவர். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், குடிகாரர், வேற்றுக்கிரகவாசிகள் தன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்லிச் சொல்லி ஊர் சிரிப்புக்கு ஆளானவர். கடைசியில் ஏவுகணை சிக்கிக்கொள்ள, விமானத்தோடு எதிரியின் ஆயுதத்துக்குள் பாய்ந்து அந்தக் கப்பலை வீழ்த்துவது அவர்தான். அதிபருடைய பேச்சைவிட எனக்கு அவர்தான் பெரியவர். என் அம்மா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் முதுகில் தொட்டி சுமந்து மருந்து அடித்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லி கையிலும் காலிலும் பட்டு நகம் கறுத்துப்போகும். அந்த மருந்துக்கு இங்கே தடை வந்தது 2020 ஜனவரியில்தான். மருந்து அடிக்கிறவரை உலகத்தைக் காப்பாற்றுகிறவராகக் காட்டிய இன்னொரு பெரிய படம் சொல்லுங்கள், அதைப் போடுகிறோம்.

சயாம் பேரன்:
அக்கா, உங்கள் அம்மாவை நான் மதிக்கிறேன். ஆனால் ரஸல் மருந்து அடிப்பவர் என்பதற்காகவா ஜெயிக்கிறார்? அவர் பழைய போர் விமானி, அதனால் ஜெயிக்கிறார். அவர் வேலை கதையில் ஒரு பரிதாபம், அவ்வளவுதான்.

இந்த வகைக் கதைக்கு மூலம் எச். ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’. செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தை அழிக்கிறார்கள், கடைசியில் கிருமிகளால் சாகிறார்கள். இந்தப் படத்தின் வைரஸே அதற்கு ஒரு வணக்கம்தான். ஆனால் வெல்ஸ் முதல் அத்தியாயத்திலேயே தன் நாட்டு வாசகர்களைப் பார்த்துக் கேட்கிறார்: ஐரோப்பியக் குடியேறிகள் டாஸ்மேனிய மக்களை ஐம்பது வருடத்தில் அழித்தார்களே, செவ்வாய்க்காரன் அதையே நமக்குச் செய்தால் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? ஆண்ட சாதிக்காரனே அப்படி எழுதினான். எமெரிக் கப்பலை எடுத்துக்கொண்டார், கேள்வியைக் கீழே போட்டுவிட்டார்.

லயத்துக்காரி:
கீழே போடவில்லை தம்பி. பிடிபட்ட எதிரியின் மனதுக்குள் அதிபர் பார்க்கும் காட்சியை மறந்துவிட்டீர்கள். அவர்கள் வெட்டுக்கிளிகள் மாதிரி, ஒரு கிரகத்தில் இருக்கிற அத்தனையையும் தின்றுவிட்டு அடுத்ததற்குப் போகிறவர்கள் என்கிறார். கோலாகங்சாரில் 1877இல் ரப்பர் கன்று நட்டார்கள். அப்புறம் காடு காடாக வெட்டினார்கள். அப்புறம் ரப்பரையும் வெட்டிச் செம்பனை வைத்தார்கள், தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் காலி செய்தார்கள். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒரு வசனம் போதும்.

பெரட்டுக்களம்:
தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். தெருவில் நெருப்புச் சுவர் உருண்டு வரும் காட்சிக்கு, சிறு மாதிரித் தெருவைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்து, கேமராவை மேலே பொருத்தி, கீழே வெடி வைத்தார்கள். நெருப்பு மேலே ஏறும் இயல்பையே பயன்படுத்தினார்கள். திரையில் அது தெருவோடு ஓடிவருகிறது. சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. டீச்சர், இதுவும் அறிவியல்தானே? உங்கள் ஆஸ்மியம் கணக்கை மறுநாள் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். நான் கரும்பலகை கொண்டுவருகிறேன்.

அறிவியல் டீச்சர்:
கணக்குக்கு வருகிறேன். படத்துக்கு என் ஓட்டு இன்னும் இல்லைதான். சின்னப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். எதிரியின் உடலை அறுக்கும் காட்சியில் அது எழுந்து மருத்துவர்களைக் கொல்கிறது, ஆறு ஏழு வயசுக்கு அது தாங்காது.

சயாம் பேரன்:
போடுவதென்றே முடிவு செய்துவிட்டால் ஒரு நிபந்தனை. படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் சயாமுக்குப் போனவர்களைப் பற்றிப் பேச வேண்டும். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

லயத்துக்காரி:
அதற்கு நான் எதிர்ப்பு, நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறேன். கப்பலைப் பார்க்க வந்த பிள்ளை, எப்போது படம் போடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கும். பெரியவர் பேசப் பேசப் பின்னால் சத்தம் போடுவார்கள், அவர் மனம் நோகும். சயாமுக்குத் தனி ராத்திரி வேண்டும். திரை வேண்டாம், மண்டபத்தில் வைப்போம், நாற்காலி என் பொறுப்பு. தேதி நீங்கள் சொல்லுங்கள் தம்பி.